விற்பதா, வைத்திருப்பதா?

மெல்பேர்ணில் தொழிற்சாலை வேலைக்குப் புதிதாகப் போகும் எம்மவர்களிடம் முதற்கிழமையிலேயே ஒரு கேள்வி கேட்கப்படும். எந்த நாடு, எத்தனை பிள்ளைகள் என்பதெல்லாம் பிறகுதான். "நீ எந்தக் கிளப்?" என்பதுதான் அந்தக் கேள்வி. மார்ச் மாதம் தொடங்கி, வழமையாக செப்ரெம்பர் கடைசிச் சனிக்கிழமை நடக்கும் இறுதியாட்டம் வரைக்கும் இந்த ஊரில் ஃபுட்டிதான் பேச்சு. எங்களுக்கு எம்.சி.ஜி. மைதானம் என்றால் 1995 ஆம் ஆண்டு நத்தாருக்கு அடுத்த நாள் முரளிதரனின் பந்துவீச்சை நடுவர் பிழை என்று சொன்ன இடம். இங்குள்ளவர்களுக்கு அது கோயில்.

இந்த ஃபுட்டிக்குள்ளே இன்னொரு ஆட்டம் இருக்கிறது. அதைக் கைத்தொலைபேசியிலும் கொப்பியிலும் ஆடுவார்கள். "முப்பது வயது தாண்டிய ஆள், பள்ளிக்கூடப் பெடியன் மாதிரி வியாழக்கிழமை இரவில் போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறான்" என்று என்னைப் பற்றி வீட்டிலும் வெளியிலும் குறை உண்டு. அவர்களுக்கும், வேலைத்தலத்தில் இந்தப் பேச்சு விளங்காமல் தேநீர்க் கோப்பையைப் பார்த்துக்கொண்டு இருக்கும் புதியவர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

விடயம் சிக்கலானதல்ல. உண்மையாக விளையாடும் வீரர்களில் சிலரை நீங்கள் உங்கள் அணிக்கென்று தெரிவு செய்கிறீர்கள். அவர்கள் அந்தக் கிழமை மைதானத்தில் என்ன செய்தார்களோ அதற்கு உங்களுக்குப் புள்ளி வரும். ஏ.எஃப்.எல். நிறுவனம் தானே நடத்தும் ஆட்டத்தில் பந்தைக் காலால் உதைத்தால் 3, கையால் குத்திக் கொடுத்தால் 2, உதைத்து வரும் பந்தை நிலத்தில் விழாமல் பிடித்தால் 3, எதிராளியை மடக்கிப் பிடித்தால் 4, கோல் போட்டால் 6. பிழைவிட்டு எதிரணிக்கு இலவச உதை கொடுத்தால் 3 புள்ளி கழியும். ஹெரல்ட் சன் பத்திரிகை நடத்தும் சுப்பர்கோச்சில் கணக்கு வேறு. அங்கே ஓர் ஆட்டத்துக்கு மொத்தம் 3300 புள்ளி. ஆடியவர்களின் திறமையைப் பார்த்து அதைப் பங்கிட்டுக் கொடுப்பார்கள்.

பத்திரிகை ஆட்டத்தில் ஒவ்வொரு வீரனுக்கும் கற்பனை விலை இருக்கும். உங்களுக்குத் தரப்படும் கற்பனைக் காசுக்குள் அணியைக் கட்டவேண்டும். ஒரே வீரனை ஆயிரம் பேர் வைத்திருக்கலாம். எங்கள் தொழிற்சாலையில் ஆடுவது அப்படியல்ல. பத்துப் பேர் சேர்ந்த குழு. பருவம் தொடங்குமுன் ஒரு சனிக்கிழமை கூடி, முறை வைத்து ஒவ்வொருவராகத் தெரிவு செய்வோம். ஒருவர் எடுத்த வீரனை மற்றவர் எடுக்க முடியாது. வருட முடிவில் நான்கு பேரை மட்டும் அடுத்த வருடத்துக்கு வைத்துக்கொள்ளலாம். மற்றவர்களை விட்டுவிட வேண்டும். இடையிலே ஒருவரோடொருவர் பேசி மாற்றிக்கொள்ளலாம். ஆளுக்கு இருபது டொலர்; அந்தக் காசு வருட முடிவில் இறைச்சி வாட்டும் விருந்துக்குப் போகும். புள்ளிக் கொப்பி எங்கள் லைன் லீடரிடம் இருக்கிறது.

ஆக, முழு ஆட்டமும் ஒரே கேள்விதான். இவனைக் கொடுப்பதா, வைத்திருப்பதா?

மாடு வாங்கி விற்ற வீட்டிலே பிறந்தவனுக்கு இது புதிதல்ல. வன்னியில் தரகர் வந்து, "உங்கடை கறவைக்கு இரண்டு நாம்பன் தாறன்" என்பார். எண்ணிக்கையில் அவர் தருவதுதான் கூட. ஆனால் பாலுக்கு எங்கே போவது? இங்கேயும் போர்க்லிஃப்ட் ஓட்டும் சமோவா நாட்டு நண்பர் ஒவ்வொரு மே மாதமும் இரண்டுக்கு ஒன்று கேட்டு வருவார். நடுத்தரமான இரண்டு பேரைத் தந்து முதல்தரமான ஒருவரைக் கேட்பார். கொப்பியில் கூட்டிப் பார்த்தால் இலாபம் போலத் தோன்றும். ஆனால் களத்தில் இடம் எண்ணிவைத்தது. இரண்டு பேரை ஏற்க நான் இன்னொருவரை வெளியே விடவேண்டும். அவரோ காலியான இடத்துக்குச் சும்மா கிடக்கிற ஒருவரை எடுத்துவிடுவார். இரண்டுக்கு ஒன்று என்றால் ஒன்றை வாங்குகிறவனே பெரும்பாலும் வெல்வான். புதியவர்கள் இதை மட்டுமாவது ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது, ஆளை மட்டும் பார்த்தால் போதாது, ஆள் நிற்கும் இடத்தையும் பார்க்கவேண்டும். புறொடி கிறண்டி என்ற உயரமான வீரரை எடுங்கள். நடுவர் பந்தை மேலே எறியும்போது எழுந்து அதைத் தட்டிவிடும் 'றக்' வேலை அவருக்கு. கொலிங்வூட் அவருக்கு 2020 இல் ஏழு வருட ஒப்பந்தம் கொடுத்தது. ஏழு வருடம்! எங்களில் பலருக்கு ஏழு நாளுக்கு மேலே உறுதியில்லை. ஆனாலும் 2022 முடிவில் அவரை மெல்பேர்ண் கிளப்புக்குக் கொடுத்துவிட்டார்கள். அங்கே ஏற்கெனவே மக்ஸ் கோன் இருந்தார். நாட்டின் மிகச் சிறந்த றக் வீரர்களில் ஒருவர், கிளப்பின் தலைவரும் அவர்தான். ஒரு வேலைக்கு இரண்டு பேர். 2023 இன் பிற்பகுதியில் கிறண்டி பிரதான அணியிலேயே இடமிழந்தார். எங்கள் குழுவில் அவரை வைத்திருந்தவர் பாதி வருடத்தில் வெறுத்துப்போய் அவரை விட்டுவிட்டார். அந்த வருட முடிவில் கிறண்டி சிட்னிக்குப் போனார். அங்கே அவர்தான் முதல் றக். 2024 இல் சிட்னி இறுதியாட்டம் வரை வந்து பிறிஸ்பேனிடம் தோற்றது. அதே ஆள்தான், இடம்தான் வேறு.

காயம் வந்தால் கணக்கு இன்னும் கடினம். தலையில் அடிபட்டு மயங்கினால் 2021 முதல் ஆகக் குறைந்தது 12 நாள் ஓய்வு என்பது விதி. ஒரு ஆட்டம் போகும், பெரும்பாலும் அவ்வளவுதான், விற்கவேண்டாம். தொடையின் பின்தசை இழுத்தால் சில கிழமைகள். முழங்கால் உள்நார் அறுந்தால் ஏறக்குறைய ஒரு வருடம். மக்ஸ் கோன் இளவயதில் இரண்டு தடவை முழங்கால் சத்திரசிகிச்சை செய்தவர். அப்போது அவரைக் கைவிட்டவர்கள் இப்போது வாய் திறப்பதில்லை.

சிட்னி உறவுகளுக்கு இதே ஆட்டம் றக்பி லீக்கில் இருக்கிறது. அங்கே ஒரு தனித் தொல்லை, ஸ்ரேற் ஒவ் ஒறிஜின். வருட நடுவில் நியூ சவுத் வேல்சும் குயின்ஸ்லாந்தும் மோதும் அந்த மூன்று ஆட்டங்களின் காலத்தில் நட்சத்திர வீரர்கள் தங்கள் கிளப்பின் சில ஆட்டங்களுக்கு வரமாட்டார்கள். மார்ச்சில் தெரிவு செய்யும்போதே ஜூனை நினைக்கவேண்டும்.

இனி நான் சொல்ல வந்த கதைக்கு வருகிறேன்.

எங்கள் குழுவில் வியட்நாமைச் சேர்ந்த ஓர் ஐயா இருக்கிறார். எண்பதுகளில் படகில் வந்தவர். முதலில் ஃபுட்ஸ்கிறேயில் குடியேறி, பிறகு எங்கள் டண்டினோங் பக்கம் வந்தவர். அதனால் அவர் வெஸ்ரேர்ண் புல்டோக்ஸ். அந்தக் கிளப் 1954 இல் ஒருமுறை வென்றது. அடுத்த வெற்றிக்கு 2016 வரை 62 வருடம் காத்திருந்தது. இந்த ஆட்டத்தை எனக்குச் சொல்லித்தந்தவர் அவர்தான். ஆங்கிலம் இருவருக்கும் அரைகுறை. ஆனால் வீரர்களின் பெயரும் இலக்கமும் இருந்தால் அரை மணித்தியாலம் பேசலாம்.

2018 இல் அவருடைய அணியின் தூண் ஹோதோர்ன் கிளப்பின் ரொம் மிச்செல். அந்த வருடம் முதற்சுற்றிலேயே கொலிங்வூட்டுக்கு எதிராக 54 தடவை பந்தைப் பெற்றுக் கொடுத்தார். அது சாதனை. வருட முடிவில் சிறந்த வீரருக்கான பிறவுண்லோ பதக்கமும் அவருக்கே. 2019 ஜனவரியில் பயிற்சியின்போது அந்த மிச்செலின் கால் முறிந்தது. அந்தப் பருவம் முழுவதும் இல்லை என்று அறிவித்தார்கள்.

அதே கோடையில் ஐயாவுக்கும் முதுகு போனது. பாரம் தூக்கும்போது குனிந்தவர் நிமிரவில்லை.

இந்த இடத்தில் ஒரு வார்த்தை. விக்ரோறியாவில் வேலையில் காயப்பட்டால் வேர்க்கவர் இழப்பீட்டுக்கு விண்ணப்பிக்கலாம். ஏஜென்சி மூலம் நாள்வேலைக்குப் போகிறவர்களுக்கும் அது உண்டு. காயம் தெரிந்து 30 நாளுக்குள் முதலாளிக்கு எழுத்தில் அறிவிக்கவேண்டும். "வேலை போய்விடும்" என்று பயந்து ஒளித்தால் முதுகும் போகும், காசும் போகும். ஐயா அன்றே எழுதிக் கொடுத்தார்.

மார்ச்சில் தெரிவுக் கூட்டம் வந்தது. ஐயா வரவில்லை. மேசையில் இரண்டு கதை எழுந்தது. ஒன்று, காலுடைந்த மிச்செலை யாராவது வைத்திருப்பார்களா? நான்கு இடத்தில் ஒன்றை ஒரு வருடம் முழுக்க வெறுமையாக வைப்பது போன்றது அது. மற்றது, ஐயாவின் அணியையே புதிதாகச் சேர்ந்த ஒருவருக்குக் கொடுத்துவிடலாமா? கெட்ட எண்ணத்தோடு கேட்கவில்லை. ஆள் எப்போது வருவார் என்று தெரியாது, பத்துப் பேர் இல்லாமல் அட்டவணை ஓடாது, அவ்வளவுதான். அந்தப் புதியவர் ஏற்கெனவே லைனில் ஐயா நின்ற இடத்தில்தான் நின்றார். எனக்கு அது தொண்டையில் சிக்கியது. "அவரின் அணியை அவருக்காக நான் பார்க்கிறேன். ஒவ்வொரு வியாழனும் போன் எடுத்துக் கேட்கிறேன். முடிவு அவருடையது" என்றேன். லைன் லீடர் கொஞ்சம் யோசித்துவிட்டுக் கொப்பியில் ஐயாவின் பெயரை அப்படியே விட்டார். புதியவருக்குப் பதினோராவது அணி போட்டு, கிழமைக்கு ஒருவருக்கு ஓய்வு என்று வைத்தோம்.

அன்று பின்னேரம் போன் எடுத்தேன். "மிச்செலுக்குச் சமோவாக்காரர் இரண்டு பேர் தருகிறாராம். இருவரும் இந்த வருடமே ஆடுவார்கள்" என்றேன். ஐயா கேட்டது ஒரே கேள்விதான்: "அவனுக்கு எத்தனை வயது?" இருபத்தைந்து என்றேன். "எலும்பு பொருந்தும். வைத்திரு."

பிறகு அவராகவே பொப் மேர்ஃபியின் கதையைத் தொடங்கினார். 2016 இல் புல்டோக்ஸ் தலைவராக இருந்த மேர்ஃபி ஏப்ரலிலேயே முழங்கால் காயத்தோடு ஒதுங்கியவர், இறுதியாட்டத்தில் ஆடவில்லை. வென்ற மேடையில் பயிற்சியாளர் லூக் பெவரிட்ஜ் அவரை அழைத்துத் தன் பதக்கத்தைக் கழற்றி அவருடைய கழுத்தில் போட்டார். ஐயா அதைத் தொலைக்காட்சியில் பார்த்து அழுதாராம். சொல்லும்போதும் குரல் மாறியது. நான் ஒன்றும் சொல்லாமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அந்த வருடம் முழுக்க வியாழன்தோறும் பேசினோம். சில கிழமை அவருக்கு எழுந்து உட்காரவே முடியாது. ஆனால் ஆறு மணிக்கு முதல் மணியிலேயே போனை எடுத்துவிடுவார். யார் ஆடுகிறார்கள், யாரை ஒதுக்கினார்கள், சமோவாக்காரர் என்ன கேட்டார், லைன் லீடருக்கு எத்தனை புள்ளி என்று விசாரித்த பிறகுதான் மருந்துக் கதை. என் மனைவி, "உங்கடை வியட்நாம் மாமாவுக்கு எடுத்தாச்சோ?" என்று ஞாபகப்படுத்தும் அளவுக்கு வந்துவிட்டது. அவரது அணி கடைசியில் இருந்து இரண்டாவதாக முடிந்தது. விருந்துக்கு மகனின் காரில் வந்து, கதிரையில் சாய்ந்தபடி எல்லோருடைய வியாபாரத்தையும் கிண்டல் பண்ணினார். தொழிற்சாலைக்கு அவர் திரும்பி வரவில்லை. வேறு வேலை தர இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

மிச்செல் 2020 இல் திரும்பி வந்தார். அது கொறோனா வருடம். ஆட்டத்தின் ஒவ்வொரு கால்பகுதியையும் 16 நிமிடமாகக் குறைத்தார்கள், விக்ரோறியாக் கிளப்புகள் குயின்ஸ்லாந்து போன்ற இடங்களில் தங்கி ஆடின. எங்கள் தேநீர் அறையையும் பூட்டிவிட்டார்கள். குழு முழுவதும் போனுக்கு வந்தது. அந்த வருடம் ஐயா மற்ற எல்லோருக்கும் சமமாகிவிட்டார். மேசையில் யாருமே இல்லை. 2022 முடிவில் மிச்செலைக் கொலிங்வூட்டுக்குக் கொடுத்தார்கள். 2023 இறுதியாட்டத்தில் கொலிங்வூட் பிறிஸ்பேனை 4 புள்ளியால் வென்றபோது மிச்செல் அந்த அணியில் ஆடினார். அதற்குப் பிறகுதான் ஐயா, "இனிப் போதும், விடு" என்றார்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். நான் சொன்ன ஆட்டம் இலவசம். ஆனால் ஃபுட்டி பார்க்கும் இடமெல்லாம் பந்தயக் கம்பனிகளின் விளம்பரம். அதுவும் இதுவும் ஒன்றென்று நினைத்து, கிழமைச் சம்பளத்தைக் கைவிரலால் தட்டித் தொலைத்த எங்கள் பெடியன்கள் இருக்கிறார்கள். யாருக்காவது அந்தப் பழக்கம் பிடித்துவிட்டால் 1800 858 858 என்ற இலக்கத்துக்கு எந்த நேரமும் இலவசமாக எடுத்துப் பேசலாம்.

ஐயாவுக்கு இப்போது நான் அணி பார்த்துக் கொடுப்பதில்லை. மகன் வாங்கிக் கொடுத்த போனில் எல்லாம் தானே செய்கிறார். வியாழன் தொலைபேசி மட்டும் நிற்கவில்லை. இப்போது எனக்கே வலை வீசுகிறார். போன கிழமை என்னிடம் இருக்கும் றக்குக்கு இரண்டு இளம் பெடியன்களைத் தருவதாகச் சொன்னார். இரண்டுக்கு ஒன்று நான் கொடுக்கமாட்டேன் என்று அவருக்கு நன்றாகத் தெரியும், சொல்லித்தந்தவரே அவர்தான். இருந்தும், "யோசித்துச் சொல்லு, வியாழன் மட்டும் நேரம் இருக்கு" என்றார்.