அஞ்சு நாள் நிழல்

எங்கம்மாவுக்குக் கண்ணு போவுதுன்னு முதல்ல சொன்னது டாக்டர் இல்லை, ஊர்த்தெருக்காரர் ஒருத்தர். "உங்கம்மா நான் எதிர்ல வந்தாக்கூட எழுந்திருக்கறதில்ல. பையன் கவர்மெண்ட் வேலைக்குப் போனதும் கொழுப்பு ஏறிடுச்சி" என்று என்னிடமே பிராது வைத்தார். 2003ஆம் வருசம் அது. அம்மாவிடம் கேட்டேன். "ஆள் வர்றது தெரியுதுடா. யாருன்னுதான் தெரியல. மூஞ்சி இருக்கற எடத்துல புகையாட்டம் நிக்குது" என்றாள்.

ஓரம் தெரியும், நடு தெரியாது. வரப்போரம் பாம்பு ஊர்ந்தால் சட்டென்று கண்டுகொள்வாள். எதிரில் நிற்கும் பேத்தியின் முகம் தெரியாது. நேராக நிற்கும் கரண்டுக் கம்பம் வளைஞ்சிருக்கு என்பாள். களையெடுக்கும்போது நெல்லையும் குதிரைவாலிப் புல்லையும் விரலால் தடவித்தான் பிரித்தாள். கண் முகாமுக்குப் போனோம். புரை இருந்தால் பஸ்ஸில் ஏற்றி ஆபரேஷனுக்குக் கூட்டிப்போவார்கள். இவளுக்குப் புரை இல்லை. "வயசாயிடுச்சி பாட்டி" என்று ஒரு சொட்டு மருந்தைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

விழித்திரையின் நடுவில் மாக்குலா என்று ஒரு சின்ன இடம் இருக்கிறது. படிப்பது, முகம் பார்ப்பது, ஊசியில் நூல் கோர்ப்பது எல்லாம் அதனால்தான். வயதான காலத்தில் அது கெட்டுப்போவதில் ரெண்டு வகை. உலர் வகை மெல்ல மெல்லக் கெடுக்கும். ஈர வகையில் விழித்திரைக்கு அடியில் வேண்டாத ரத்தக்குழாய்கள் முளைத்துக் கசியும்; சில வாரத்திலேயே நடுப்பார்வை போய்விடலாம். அம்மாவுக்கு ஈர வகை.

2004இல் நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் ஒளிச்சிகிச்சை செய்தார்கள். வெர்ட்டிபோர்ஃபின் என்ற கரும்பச்சை மருந்தைக் கை நரம்பில் 10 நிமிஷம் ஏற்றுவார்கள். அது போய் அந்தக் கெட்ட குழாய்களில் தங்கும். பிறகு கண்ணுக்குள் சிவப்பு லேசரை 83 விநாடி காட்டுவார்கள். அதற்கு முன்னால் இருந்த லேசர் சூட்டால் பொசுக்கும், பொசுக்கின இடத்தில் பார்வையே இருக்காது. இது பொசுக்காது. வெளிச்சம் பட்ட இடத்தில் மட்டும் மருந்து வேலை செய்து குழாயை அடைக்கும். போன பார்வை திரும்பாது, இருப்பதைக் கொஞ்சம் காப்பாற்றலாம், அவ்வளவுதான். ஒரு குப்பி மருந்து என்னுடைய பல மாதச் சம்பளம். பி.எஃப்.பில் கடன் போட்டேன்.

பணம்கூடப் புரட்டிவிடலாம். அதற்குப் பிறகு இருக்கிறதே, அதுதான் விஷயம். மருந்து உடம்பில் இருக்கும்வரை வெயில் பட்டால் தோல் வெந்துபோகும். அதனால் 5 நாள் வெயிலில் போகக் கூடாது. முழுக்கைச் சட்டை, கறுப்புக் கண்ணாடி, குடை. இருட்டறையிலும் அடைந்து கிடக்கக் கூடாது, வீட்டுக்குள் சாதாரண வெளிச்சத்தில் இருந்தால்தான் மருந்து சீக்கிரம் கரையும். இதையெல்லாம் அச்சடித்த தாளில் கொடுத்தார்கள். அந்தத் தாளை எழுதியவர் வீட்டில் ஜன்னலும் திரையும் உள்ளேயே கக்கூஸும் இருந்திருக்கும். அம்மாவுடையது காலனி தொகுப்பு வீடு. கதவைத் திறந்தால் வெயில், மூடினால் இருட்டு. தண்ணி தெருமுனைக் குழாயில். வெளிக்குப் போக ஏரிக்கரை. "அதுக்கென்னடா, விடியறதுக்கு முன்னயும் இருட்டினப்புறமும் போய்ப் பழகின ஒடம்புதான?" என்றாள். என் வாடகை வீட்டுக்கு வா என்றால், "ஆட்ட யாரு பாக்கறது?" அஞ்சு நாள் கூலியைப் பற்றி அந்தத் தாளில் ஒன்றும் இல்லை.

குடைக்கு வருகிறேன். 1930 டிசம்பரில் ராமநாதபுரம் பகுதியில் ஆதிக்க சாதியினர் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் போட்டார்கள். அதில் ஒன்று, ஆண்கள் வெயிலுக்கோ மழைக்கோ குடை பிடிக்கக் கூடாது என்பது. ஹட்டன் எழுதி வைத்திருக்கிறார். எங்க ஊரில் யாரும் எழுதி வைக்கவில்லை. ஆனாலும் அம்மா அறுபத்தஞ்சு வயசு வரைக்கும் ஊர்த்தெருவில் குடை விரித்ததில்லை. மழை பெய்தால்கூட மடக்கி அக்குளில் இடுக்கிக்கொள்வாள்.

அன்றைக்கு பஸ்ஸை விட்டு இறங்கும்போது மணி மூணு, நல்ல வெயில். காலனிக்கு ஊர்த்தெரு வழியாகத்தான் போகணும். கறுப்புக் கண்ணாடியும், என்னுடைய முழுக்கைச் சட்டையும், விரித்த குடையுமாக நடந்தாள். "என்னா, மகாராணி ஊர்வலமா?" என்று ஒரு திண்ணையிலிருந்து குரல் வந்தது.

"டாக்டரு புடிக்கச் சொன்னாருப்பா. பேசறது யாரு? மூஞ்சி தெரியல" என்றாள் அம்மா.

அந்தத் தெருவில் யாரையும் அவள் 'அப்பா' போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. குரலை வைத்தே ஆள் யாரென்று அவளுக்குத் தெரியும். வீட்டுக்கு வந்து அவர் பேரைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

மூணு தடவை அந்தச் சிகிச்சை நடந்தது. அந்தக் கண் இருந்த நிலையிலேயே நின்றது. அடுத்த கண் கெட்டபோது கண்ணுக்குள்ளேயே போடும் ஊசி வந்துவிட்டது. ஈர வகைக்கு இன்றைக்கு முதல் வைத்தியம் அந்த ஊசிதான். அம்மா 2015இல் இறந்துபோனாள்.

இப்போது உலர் வகைக்கும் ஓர் ஒளிச்சிகிச்சை வந்திருக்கிறது. 2024 நவம்பரில் அமெரிக்காவில் அனுமதி கொடுத்தார்கள். ஊசி மருந்து கிடையாது. மஞ்சள், சிவப்பு, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஆகிய மூணு ஒளியையும் சில நிமிஷம் காட்டி, செல்லுக்குள் சக்தி தயாரிக்கும் மைட்டோகாண்டிரியாவை உசுப்புகிறார்கள். 100 பேரிடம் நடந்த சோதனையில், போலி ஒளி காட்டின கண்களைவிட நிஜ ஒளி காட்டினவை 13ஆம் மாதத்தில் சராசரியாக 2.4 எழுத்து கூடுதலாகப் படித்தன. கண் டாக்டர் அட்டையில் அது அரை வரி. அரை வரியை நான் கேவலமாகப் பேச மாட்டேன். ஆனால் சில வாரத்துக்குள் 9 தடவை போகணும், 4 மாதத்துக்கு ஒருமுறை மறுபடி 9. வருசத்துக்கு 27 நாள் கூலியும் பஸ் காசும். அதுவும் நடுப்பார்வை கெடுவதற்கு முன்னால் போனால்தான். கடையில் விற்கிற சிவப்பு விளக்கை வாங்கிக் கண்ணில் காட்டிக்கொண்டால் போதும் என்று சொல்கிறவர்களை நம்ப வேண்டாம்.

நாங்கள் காலனியில் ஒன்று செய்கிறோம். கட்டம் போட்ட கணக்கு நோட்டில் நடுவே ஒரு புள்ளி. ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு அடுத்த கண்ணால் புள்ளியைப் பார்க்கச் சொல்கிறோம், கண்ணாடி போடுகிறவர்கள் போட்டுக்கொண்டே. கோடு வளைந்தாலோ நடுவில் அழிந்தாலோ உடனே ஆஸ்பத்திரி. போன மாதம் மூணு பேருக்குக் கோடு வளைந்தது. ரெண்டு பேரைக் கூட்டிப்போய்விட்டோம். இன்னொரு அக்கா, அறுப்பு முடியட்டும் என்கிறார்.