மூணு கிராம் எங்கே போச்சு?

டிஸ்கி: சுத்த சைவ மக்கள் இந்தப் பதிவைத் தாண்டிப் போயிடலாம். ரத்தம் கொஞ்சம் வரும்.

நான் பொட்டி தட்டுற மினசோட்டாவுல நவம்பர் மொத வாரம் வந்தா ஆபீஸ்ல பாதி சீட் காலியாயிடும். நாம தீபாவளிக்கு லீவு கேட்டு டமேஜர் பின்னாடி அலையற மாதிரி, இங்க மான் வேட்டைக்கு. எங்க டீம்ல அறுபதை நெருங்கற பெரியவர் ஒருத்தர் இருக்கார். போன வருஷம் அவர் அடிச்ச மானோட கொத்துக்கறியில நாலு பொட்டலம் கொடுத்தார். மிளகும் சோம்பும் தூக்கலாப் போட்டு நானே வறுத்தேன். ஃப்ரீசர்ல வெச்சு வெச்சு, மூணாவது பொட்டலத்தை இந்த ஜூன்ல பிரிச்சோம். அப்ப தங்கமணி முழுகாம இருக்கான்னு எங்களுக்கே தெரியாது.

போன மாசம் அவர் மேஜையில ஒரு குட்டிக் காளானைப் பார்த்தேன். உலோகக் காளான். எடுத்துப் பார்த்தா, அந்த மானைக் கொன்ன குண்டு! ஒரு பக்கமா நுழைஞ்சு, மறுபக்கத் தோலுக்கு அடியில சிக்கி நின்னுருக்கு. ஞாபகார்த்தமா வெச்சிருக்கார்.

இந்த இடத்துல நம்ம தமிழ் சினிமா பண்ணின ஒரு தப்பைச் சொல்லியாகணும். ஹீரோ சுட்டா வில்லன் பத்தடி பறந்து போய் விழுவான் இல்லையா? கணக்குப் போட்டுப் பார்த்தேன். அவரோட தேர்ட்டி-ஆட்-சிக்ஸ் துப்பாக்கிக் குண்டு 9.7 கிராம், வேகம் நொடிக்கு 880 மீட்டர் சொச்சம். 70 கிலோ மானுக்குள்ள அது அப்படியே நின்னுட்டாக்கூட, மான் நகர்ற வேகம் நொடிக்கு 12 சென்டிமீட்டர்தான். குழந்தை தவழற வேகம்கூட இல்ல. மானைக் கொல்றது தள்ளு இல்லீங்க, ஓட்டை. நுரையீரலும் இதயமும் கிழிஞ்சு, ரத்த அழுத்தம் விழுந்து, மூளைக்குப் பிராணவாயு நிக்கணும். சரியான இடத்துல பட்டாலும் மான் 50, 100 மீட்டர் ஓடித்தான் விழும்.

அதனாலதான் வேட்டைக் குண்டோட மூக்கை மெத்துனு ஈயத்துல வெச்சு, சுத்தி மெல்லிசாத் தாமிரச் சட்டை போடறாங்க. உடம்புல நுழைஞ்சதும் காளான் மாதிரி விரிஞ்சு, குறுக்களவு ஏறக்குறைய ரெண்டு மடங்காகும். விரியாத குண்டு பென்சில் சைஸ் ஓட்டை போட்டுட்டு மறுபக்கம் போயிடும். மான் எங்கேயோ புதர்ல கிடந்து மெதுவாச் சாகும். அதனால மினசோட்டாவுல மானுக்கு விரியற குண்டுதான் போடணும்னு சட்டமே இருக்கு. இதுல வேடிக்கை என்னன்னா, மனுஷனை மனுஷன் சுடற போர்ல இதே ரகத்தை 1899-லயே ஹேக் மாநாட்டுல தடை பண்ணிட்டாங்க. அதுக்குக் காரணமா இருந்த டம்டம் குண்டு தயாரானது, இப்ப கொல்கத்தா ஏர்போர்ட் இருக்கற அந்த டம்டம்லதான்.

சரி, மேட்டருக்கு வர்றேன். காபிப் பொடி நிறுக்க ஆபீஸ்லயே ஒரு குட்டித் தராசு வெச்சிருக்கேன் (சிரிக்காதீங்க). ஆர்வக்கோளாறுல காளானை அதுல வெச்சேன். 6.4 கிராம். பெட்டியில போட்டிருக்கறது 150 கிரெய்ன், அதாவது 9.7 கிராம்.

"மிச்சம் மூணு கிராம் எங்க?"ன்னு கேட்டேன்.

"மானுக்குள்ளதான்"னு சிரிச்சார். நானும் சிரிச்சேன். சீட்டுக்கு வந்து உக்காந்ததும்தான் வயித்தைப் பிசைஞ்சது.

அன்னிக்கு ஒரு ஆணியும் புடுங்கல. தேடிப் படிச்சதுல, 2008-ல இதே மாநிலத்தோட இயற்கை வளத்துறை செத்த ஆடுகளைச் சுட்டு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்திருக்கு. வேகமா விரியற ஈயக்குண்டுல ஒரு உடம்புக்குச் சராசரியா 141 துணுக்கு. காயத்துலேருந்து 11 அங்குலம் தள்ளிக்கூடப் போயிருக்கு. கழுவினாலும் போகல, தண்ணியோட இடம்தான் மாறுது. விரியறது ஃபீச்சர், சிதறுறது அதே ஃபீச்சரோட பக்! கர்ப்பிணிகளும் ஆறு வயசுக்குக் கீழ உள்ள குழந்தைகளும் ஈயக்குண்டுல அடிச்ச மான்கறியைத் தவிர்க்கணும்னும் போட்டிருந்துச்சு. சாப்பிட்ட ஈயம் எலும்புல தங்கிடும், கர்ப்ப காலத்துல மறுபடி ரத்தத்துக்கு வந்து குழந்தைக்கும் போகும்.

கழுகுகளுக்கும் இதே கதைதான். வேட்டைக்காரங்க காட்டுலயே விட்டுட்டுப் போற குடலைத் தின்னுது. 2022-ல வந்த ஒரு ஆய்வு, 38 மாநிலத்துக் கழுகுகள்ல கிட்டத்தட்ட பாதிக்கு நாள்பட்ட ஈய நஞ்சுன்னு சொல்லுது. நம்ம ஊர்ல மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் ஊசியால பாறு கழுகு அழிஞ்ச மாதிரி.

வீட்டுல சொன்னேன். தங்கமணி ஒண்ணும் பேசல. கையை வயித்து மேல வெச்சுக்கிட்டா. அத்தைதான் போன்ல, "ஈயச்சொம்புல ரசம் வெச்சுத்தானே மாப்ள எல்லாரையும் வளர்த்தேன்"னாங்க. "அது வெள்ளீயம் அத்தை, தகரம். இது காரீயம், விஷம்"னு விளக்கறதுக்குள்ள எனக்கே குரல் கம்மிடுச்சு. டாக்டரம்மா ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தாங்க. ரிசல்ட் வர நாலு ராத்திரி ஆச்சு. அந்த நாலு ராத்திரியைப் பத்தி எழுத வேண்டாம்னு பார்க்கறேன். கவலைப்படற அளவு இல்லைன்னு வந்துச்சு.

பெரியவர்கிட்ட எப்படிச் சொல்றது? அன்பாக் கொடுத்த கறி. ஒரு வாரம் தயங்கிட்டு, எக்ஸ்ரே படத்தைக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். "என் பேத்திக்கு நாலு வயசு, அவளும் சாப்பிட்டிருக்கா"ன்னார். வேற ஒண்ணும் சொல்லல.

முழுத் தாமிரக் குண்டுக்கு மாறலாமேன்னேன். அதுல அவருக்குத் தயக்கம். விலை அதிகம்கறது மட்டும் இல்ல. தாமிரம் கெட்டி, வேகம் குறைஞ்சா சரியா விரியாது. தூரத்து மானைச் சுட்டு, அது காயத்தோட ஓடினா? நாப்பது வருஷமா ஒரு மானையும் அப்படித் தவிக்க விட்டதில்லைங்கறது அவரோட பெருமை. அதையும் தப்புன்னு என்னால சொல்ல முடியல. கடைசியில ஒரு பெட்டி வாங்கினார். ரெண்டு சனிக்கிழமை மைதானத்துல போய்ச் சுட்டு, குறியைப் புதுசா சரி பண்ணிக்கிட்டார். 150 மீட்டருக்கு மேல சுடறதில்லைன்னும் முடிவு பண்ணிட்டார்.

போன திங்கக்கிழமை என் மேஜையில ஒரு பொட்டலம். மேல கறுப்பு மார்க்கர்ல தேதி, அதுக்குக் கீழ பெரிய எழுத்துல 'காப்பர்'. கூடவே ஒரு காளான், நாலு இதழ் விரிஞ்சு பூ மாதிரி. தராசுல வெச்சேன். ஏறக்குறைய முழு எடையும் இருந்துச்சு.

நான் வறுத்துச் சாப்பிட்டுட்டேன். தங்கமணி இன்னும் தொடல.