பெயர் ஒன்று, இயல்பு வேறு

பழுதான ஒரு டிரான்சிஸ்டரைக் கழற்றிவிட்டு வேறொன்றை ஈயமிட்டுப் பொருத்துவதற்கு ஐந்து நிமிடங்கள் போதும். கழன்று வந்தது ஏன் கெட்டது, அதன் இடத்திற்கு வருவது அங்கே நிலைக்குமா என்னும் இரு கேள்விகளுக்கு விடை காணவோ, சில வேளைகளில் ஐந்து நாள்களும் போதுவதில்லை. பழைய ஒலிக்கருவிகளைச் சீர்செய்வதையே ஓய்வுநேர வேலையாகக் கொண்டு முப்பது ஆண்டுகளைக் கடந்துவிட்ட நமக்கு, கையில் சூடான பற்றுக்கோலைப் பிடித்திருக்கும் நேரம் மிகக் குறைவு என்பதும், யோசித்துக்கொண்டிருக்கும் நேரமே மிகுதி என்பதும் நன்கு தெரியும்.

நம் ஊர்ப் பக்கம் ‘டிரான்சிஸ்டர்’ என்றால் பலருக்கும் கைப்பிடி வைத்த சிறு வானொலிப் பெட்டிதான் நினைவுக்கு வரும். உண்மையில் அப்பெட்டிக்குள் இருந்த, மூன்று கால்கள் கொண்ட கடலைப்பருப்பு அளவுள்ள பொருளின் பெயரே அது. 1947 டிசம்பரில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் பார்டீன், பிராட்டெய்ன் இருவரும் அதனை முதன்முதலில் இயக்கிக் காட்டினர். அவர்களுக்கும் ஷாக்லிக்குமாக 1956-இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. அந்த முதல் டிரான்சிஸ்டர் ஜெர்மானியத்தால் ஆனது. 1960-களின் வானொலிப் பெட்டிகள் பலவற்றில் இருந்தவையும் ஜெர்மானியமே. பின்னர் சிலிக்கான் வந்தது. வெப்பத்தை நன்கு தாங்கியது. ஜெர்மானியம் கடைகளிலிருந்து மெல்ல மறைந்தது.

இங்கேதான் முதல் சிக்கல் எழுகிறது. ஜெர்மானிய டிரான்சிஸ்டர் விழித்தெழச் சுமார் 0.2 வோல்ட் போதும், சிலிக்கானுக்கு 0.6 வோல்ட்டேனும் வேண்டும். பழைய பெட்டியில் இருந்த ஏ.சி.128-ஐ எடுத்துவிட்டு, கைக்குக் கிடைத்த சிலிக்கானை அப்படியே வைத்தால் பாட்டுக் கேட்கத்தான் செய்யும். ஆனால் ஒலியைக் குறைத்து வைக்கும்போது கரகரவென்று தொண்டை கட்டியது போல் கேட்கும். புதியவர் இன்னும் பாதி உறக்கத்தில் இருக்கிறார் என்பது அதற்குப் பொருள். அவரை எழுப்ப, அருகிலுள்ள ரெசிஸ்டர்களையும் மாற்றியாக வேண்டும்.

ஐரோப்பியர் இட்ட பெயர்களிலேயே இந்தக் குறிப்பு இருக்கிறது. ‘ஏ’ என்று தொடங்கினால் ஜெர்மானியம். ‘பி’ என்றால் சிலிக்கான். ஜப்பானியர் முறை வேறு. கால்களின் வரிசையும் வேறு. பி.சி.549-இன் நடுக்கால் பேஸ், ஜப்பானின் சி.1815-இன் நடுக்கால் கலெக்டர். இதனை அறியாமல் செருகியதால் பயனற்றுப்போன நல்ல டிரான்சிஸ்டர்களுக்குக் கணக்கில்லை.

இவையெல்லாம் பட்டியலைப் பார்த்தால் தெரியக்கூடியவை. பட்டியலைப் பார்த்தும் தெரியாத சங்கதி ஒன்று உண்டு. அது ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் ஆம்ப்ளிஃபயர் வழியாக நம்மிடம் வந்தது.

அவருக்கு எண்பதைத் தாண்டிய வயது. கண்ணில் நீர் அழுத்த நோயால் பார்வை பெரும்பாலும் போய்விட்டது. வாழ்நாள் முழுவதும் புத்தகமும் கையுமாக இருந்தவருக்கு, இப்போது எஞ்சியிருப்பவை அலமாரி நிறைய இசைத்தட்டுகளும், 1970-களில் வாங்கிய அந்த ஆம்ப்ளிஃபயரும்தாம். வலப்பக்கத்து ஒலி நின்றுபோய் இருமுறை பணம் கொடுத்துச் சரிசெய்திருக்கிறார். இருமுறையும் சில வாரங்களில் மீண்டும் நின்றுவிட்டது. “தம்பி, இதற்குமேல் இதில் ஒன்றும் இல்லையென்றால் சொல்லிவிடுங்கள். வீணாக நம்பிக்கொண்டிருக்க வேண்டாம்” என்றார்.

திறந்து பார்த்தோம். பின்புறத்து ஹீட்சிங்கில் ஒவ்வொரு பக்கத்திற்கும் இரண்டாக, 2என்3055 என்னும் தடித்த உலோகத் தொப்பி டிரான்சிஸ்டர்கள் நான்கு இருந்தன. நம் நாட்டில் திருவிழாப் பந்தல் ஆம்ப்ளிஃபயர்களைத் திறந்து பார்த்தவர்களுக்கு இந்த எண் மனப்பாடம். வலப்பக்கத்து இரண்டும் புதியவை. எண் அதே எண். மைக்கா தகடு, வெப்பப் பசை எல்லாம் முறையாகவே இடப்பட்டிருந்தன. முன்னர் வேலை செய்தவரைக் குறை சொல்வதற்கில்லை. ஆயினும் போர்டின் ஓரத்தில் பத்து ஓம் ரெசிஸ்டர் ஒன்று கருகிக் கிடந்தது. ஸ்பீக்கர் வழியில் சிறு கண்டென்சர் ஒன்றோடு சேர்ந்து நிற்கும் அது, பாட்டு ஓடும்போது ஏறத்தாழ வேலையே இல்லாத ரெசிஸ்டர். சும்மா இருப்பவன் உடல் எரிந்து கிடந்தால், நம் காதுக்கு எட்டாத ஏதோ ஒன்று அவன் வழியே ஓடியிருக்கிறது என்றுதானே பொருள்?

கூட்டங்களில் மைக்கை ஸ்பீக்கர் அருகே கொண்டுசென்றால் ஊளையிடுவதை யாவரும் கேட்டிருப்போம். அதே ஊளை ஆம்ப்ளிஃபயரின் உள்ளேயே, வினாடிக்குப் பல லட்சம் அதிர்வுகளாக எழக்கூடும். மனிதச் செவிக்கு இருபதாயிரமே எல்லை; ஆகவே ஒன்றும் கேட்காது. டிரான்சிஸ்டர் மட்டும் உள்ளுக்குள் வெந்து ஒருநாள் மாளும். நண்பர் ஒருவரின் ஆசிலாஸ்கோப்பை இரவல் வாங்கி வைத்துப் பார்த்தபோது, வலப்பக்கத்தில் அந்த ஊளை திரையில் தடித்த பட்டையாகத் தெரிந்தது. பழைய டிரான்சிஸ்டர்கள் இருந்த இடப்பக்கத்தில் கோடு தெளிவாக இருந்தது.

காரணம் இதுதான். 1960-களில் ஆர்.சி.ஏ. நிறுவனம் வெளியிட்ட 2என்3055 ஒரு முறையில் செய்யப்பட்டது. பிற்காலத்தில் அதே எண்ணோடு வந்தவை வேறு முறையில் செய்யப்பட்டன. இரண்டும் 15 ஆம்பியர் தாங்கும், 60 வோல்ட் தாங்கும். ஆனால் முன்னது மந்தமானது. அதன் வேக எல்லை சுமார் 0.8 மெகாஹெர்ட்ஸ். பின்னது 2.5 மெகாஹெர்ட்ஸும் அதற்கு மேலும் ஓடும். அந்த ஆம்ப்ளிஃபயரை வடிவமைத்தவர், மந்தத்தையும் கணக்கில் கொண்டே தம் சுற்றை அமைத்திருக்கிறார். நிதானமான காளைக்குச் செய்த வண்டியில் பந்தயக் குதிரையைப் பூட்டினால் அச்சு முறியாமல் என்ன செய்யும்? விற்பனைப் பட்டியலில் இரண்டுக்கும் ஒரே பெயர். (பெயரை மட்டும் அச்சிட்டு, தொப்பிக்குள் கடுகளவு சில்லை வைத்து விற்கும் போலிகள் தனி இனம்; அவற்றைப் பற்றிப் பேசினால் இக்கட்டுரை கோபத்தில் முடியும்.)

பழைய வகையைத் தேடி அலைவதா, புதியதைச் சுற்றுக்குப் பழக்குவதா? பழையதென்று சொல்லிக் கிடைப்பவற்றை நம்பி ஆசிரியரின் பணத்தைச் செலவிட நமக்கு மனம் வரவில்லை. நல்ல கடையில் இரு புதிய 2என்3055 வாங்கினோம். அவற்றுக்கு முந்தைய நிலையிலுள்ள டிரான்சிஸ்டரின் கலெக்டருக்கும் பேஸுக்கும் நடுவே 100 பிகோஃபாரட் கண்டென்சர் ஒன்றைச் சேர்த்தோம். திரையில் பட்டை மறைந்து கோடு தெளிந்தது. கருகிய ரெசிஸ்டரையும், பக்கத்தில் வெடித்திருந்த இன்னொன்றையும் மாற்றினோம்.

மின்சாரம் கொடுக்கும்போது நேரடியாகக் கொடுப்பதில்லை. நூறு வாட் குண்டு பல்பு ஒன்றைத் தொடரில் இணைத்தே கொடுப்போம். பல்பு ஒருமுறை மின்னி மங்கினால் நலம். பளீரென்று எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே இன்னும் கோளாறு. இன்றைய எல்.இ.டி. பல்பு இதற்கு உதவாது. எனவே நம் வீட்டில் குண்டு பல்புகள் நகைகளைப் போல் பாதுகாக்கப்படுகின்றன! பல்பு மங்கியது. அரை ஓம் ரெசிஸ்டரின் இருமுனைகளிலும் 10 மில்லிவோல்ட் வருமாறு, அதாவது 20 மில்லியாம்பியர் ஓடுமாறு, திருகைச் சரிசெய்து இரண்டு மணி நேரம் விட்டுவைத்தோம். ஹீட்சிங்க் வெதுவெதுப்போடு நின்றது.

இடப்பக்கத்தில் மட்டும் எண்ணெயில் அப்பளம் பொரிவது போன்ற மெல்லிய இரைச்சல் இருந்தது. முன்நிலையிலுள்ள பி.சி.109 ஒன்றை, ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் தொட்டுக் குளிர்வித்ததும் அது அடங்கியது, ஆள் அகப்பட்டார். அதன் இடத்தில் பி.சி.549 அமர்ந்தது.

“எல்லாவற்றையுமே புதிதாக மாற்றிவிடலாமே தம்பி?” என்று ஆசிரியர் கேட்டார். இன்று பலரும் அப்படித்தான் செய்கின்றனர். நமக்கு அதில் உடன்பாடில்லை. ஐம்பது ஆண்டுகளாக ஒழுங்காக உழைக்கும் ஒன்றை வயதை மட்டும் காட்டி வெளியேற்றுவது நியாயமன்று. தவிர, ஒவ்வொரு முறை சூடு வைக்கும்போதும் போர்டின் செம்புக் கோடுகள் சிறிது உரிகின்றன. “இடப்பக்கத்துப் பெரிய இரண்டும் உங்களோடு சேர்ந்து முதுமை அடைந்தவை, ஐயா, இருக்கட்டும்” என்றோம். சிரித்தார்.

அவர் வீட்டில் பொருத்திய அன்று வயலின் இசைத்தட்டு ஒன்றைத் தாமே தடவி எடுத்து வைத்தார். ஒரு பக்கம் முழுவதும் பேசவில்லை. முடிந்ததும் எழுந்து தட்டைத் திருப்பி வைத்தார்.

மூடியின் உட்புறத்தில் நாம் வழக்கமாக ஒரு சீட்டு ஒட்டுவதுண்டு: நாள், மாற்றியவற்றின் எண்கள், ஏன் மாற்றினோம் என்பது. கழற்றிய டிரான்சிஸ்டர்களையும் சிறு உறையிலிட்டு அங்கேயே வைத்துவிடுவோம். ஆசிரியர் அச்சீட்டை வாசித்துக் காட்டச் சொன்னார். வரி வரியாகக் கேட்டபின், “அந்தச் சின்னக் கண்டென்சர் எந்த இடத்தில் இருக்கிறது என்பதையும் எழுதிவிடுங்கள் தம்பி. அடுத்து வருகிறவர் வேண்டாததென்று எடுத்துவிடப் போகிறார்” என்றார். பேனாவை வாங்கி, சிறு படமும் வரைந்து எழுதினோம்.