மலைக்காற்றும் விமானத்தின் மூச்சும்

பசறையிலிருந்து நமுனுகுல மலையை அண்ணாந்து பார்த்து வளர்ந்தவர்களுக்கு, உயரம் ஏற ஏற மூச்சு வாங்கும் என்பதைப் பாடநூல் சொல்லித்தர வேண்டியதில்லை. 2,036 மீற்றர் உயரமான அம்மலையின் உச்சியில் காற்றின் அழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. எங்கள் தோட்டத்துப் பழைய பெற்றோல் லொறியை ஓட்டிய அண்ணன், "மேல வந்தா வண்டிக்கும் மூச்சு முட்டும் தம்பி" என்பார். அது வேடிக்கைப் பேச்சன்று. எரிபொருள் எரியக் காற்று வேண்டும். காற்று மெலிந்தால் எஞ்சினின் வலுவும் மெலியும்.

லொறிக்கே இந்நிலை என்றால், 9,000 மீற்றர் உயரத்தில் பறக்கும் பிஸ்டன் எஞ்சின் விமானம் என்ன செய்யும்? அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. இதற்குக் கண்ட வழிதான் டர்போசார்ஜர். எஞ்சின் வெளியேற்றும் சூடான புகை ஒரு சுழலியைச் சுற்றுகிறது. அதே தண்டில் பூட்டிய இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் அனுப்புகிறது.

ஆனால் காற்று மிகுந்தாலும் ஆபத்து. அழுத்தமும் வெப்பமும் எல்லை மீறினால் எரிபொருட் கலவை சீராக எரியாமல் வெடித்து, பிஸ்டனையே உடைக்கக்கூடும். ஆகவே புகைக்குழாயில் 'வேஸ்ட் கேட்' என்னும் சிறு கதவை வைத்தார்கள். தாழ்வாகப் பறக்கையில் அது திறந்திருந்து, மிகுதிப் புகையைச் சுழலியில் படாமல் வெளியே விட்டுவிடும். உயரம் கூடக்கூடச் சிறிது சிறிதாக மூடிக்கொள்ளும். முழுவதும் மூடிய பின்னரும் மேலே ஏறினால் வலு குறையவே செய்யும்.

இக்கருவி நம் நாட்டு வரலாற்றிலும் இடம்பெற்றிருக்கிறது. 1944 ஓகஸ்ட் 10 மாலை, திருகோணமலை சீனன்குடாவிலிருந்து 54 பி-29 விமானங்கள் சுமாத்திராவின் பலெம்பாங் எண்ணெய் ஆலையை நோக்கிப் புறப்பட்டன. விமானத்துக்கு நான்கு எஞ்சின்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு டர்போசார்ஜர்கள். எட்டையும் விமானி ஒரே குமிழைத் திருப்பி ஆள முடிந்தது. அழுத்தத்தை உணர்ந்து கதவுகளைத் திறந்து மூடும் வேலையை ஹனிவெல் நிறுவனத்தின் மின்னணுக் கருவி பார்த்துக்கொண்டது. சுழலி மிதமிஞ்சிச் சுழலாமலும் அதுவே காத்தது. இலக்கை எட்டியவை 39 விமானங்களே. போக வர 6,000 கிலோமீற்றருக்கும் மேற்பட்ட அப்பயணத்தில் ஒரு விமானம் எரிபொருள் தீர்ந்து கடலில் இறங்கியது. ஆலைக்குப் பெரிய சேதமில்லை.

போரின் நோக்கம் ஒருபுறம் இருக்கட்டும். என் மனத்தில் நிற்பது அந்தச் சிறு கதவுதான். 2000 ஒக்டோபரில் பிந்துனுவெவ முகாமில் தமிழ் இளைஞர்கள் படுகொலை செய்யப்பட்ட நாட்களில், மலையக நகரங்களில் பதற்றம் பரவியபோது, செய்தி மேசைக்கு வந்த தொலைபேசி அழைப்புகளுக்குக் கணக்கில்லை. எல்லாவற்றையும் அச்சேற்றியிருந்தால் லயன்களில் தீ மூண்டிருக்கும். எதையுமே வெளியிடாதிருந்தால் இறந்தவர்களுக்குத் துரோகம் செய்தவர்களாவோம். உறுதியானதை எழுதினோம், உறுதியற்றதை ஒதுக்கினோம்.

அழுத்தத்தைக் கூட்டுவதற்கு எவராலும் முடியும். எவ்வளவை உள்ளே விடுவது, எவ்வளவை வெளியே விட்டுவிடுவது என்று கணந்தோறும் அளந்துகொண்டிருப்பதே கடினமான வேலை. விமானத்தில் அதை ஒரு கருவி செய்கிறது. செய்தி மேசையில் மனிதர்கள்தாம் செய்ய வேண்டியிருக்கிறது.