பதினான்கு முகத்து மூடி

டிராக்டர் வைத்திருப்பவர்களுக்கு ஆயில் ஃபில்டர் மாற்றுவது புதிய வேலை இல்லை. என்ஜின் பக்கத்தில் தொங்கும் தகர டப்பாவைக் கையால் திருகிப் பார்ப்பார்கள். வரவில்லை என்றால் சங்கிலி ரெஞ்ச் போடுவார்கள். அதற்கும் அசையாவிட்டால் பெரிய ஸ்க்ரூ டிரைவரை டப்பாவின் வயிற்றில் குத்தி, அதையே கைப்பிடியாக்கிச் சுற்றிவிடுவார்கள். டப்பா கிழிந்தால் கவலையில்லை. எப்படியும் தூக்கி எறியப் போகிற பொருள்தான்.

இந்தக் கைப்பழக்கம் இன்றைய கார்கள் பலவற்றில் வினையாகிவிடுகிறது. அவற்றில் தகர டப்பா கிடையாது. என்ஜினோடு சேர்ந்த ஒரு கூடும், அதற்குள் மடித்த காகித ஃபில்டரும், கூட்டை மூட ஒரு திருகு மூடியும் இருக்கும். மாற்ற வேண்டியது உள்ளே இருக்கும் காகித ஃபில்டரையும் ரப்பர் வளையங்களையும் மட்டும்தான். அதே மூடியைத்தான் திரும்பவும் மாட்ட வேண்டும். அது கீறினாலோ விரிசல் விட்டாலோ ஆயில் கசியும். கசிவைக் கவனிக்காமல் ஓட்டினால் என்ஜினே பிடித்துக்கொள்ளும்.

கோபிசெட்டிபாளையம் பக்கத்தில் இரண்டரை ஏக்கரில் வாழையும் மஞ்சளும் வைத்திருக்கும் ஒரு விவசாயிக்கு இந்த வித்தியாசம் தெரியவந்தது ஒரு புதன்கிழமை சாயங்காலம். ஜப்பான் கம்பெனி ஒன்றின் 1.8 லிட்டர் பெட்ரோல் காரை ஒரு சொந்தக்காரரிடம் பழைய விலைக்கு வாங்கியிருந்தார். ஊர் சுற்ற வாங்கியதில்லை அது. அவருடைய அம்மாவுக்குச் சிறுநீரகம் பழுதாகி, செவ்வாயும் வெள்ளியும் ஈரோட்டுக்குப் போய் டயாலிசிஸ் செய்ய வேண்டியிருந்தது. போகும்போது பஸ்ஸில் உட்கார்ந்துவிடுவார். நான்கு மணி நேரம் கழித்துத் திரும்பும்போது கால் தள்ளாடும். அதனால் அந்த வீட்டில் கார் என்பது மருந்துச் சீட்டோடு சேர்ந்த பொருள்.

சில நாட்களாக வாசலில் எண்ணெய்ச் சொட்டு விழுந்துகொண்டிருந்தது. ஆயில் கம்பியை எடுத்துப் பார்த்தால் அளவு கீழ்க்கோட்டுக்கும் இறங்கியிருந்தது. கசிவு ஃபில்டர் பக்கம்தான் என்று தெரிந்ததும், புது ஆயிலும் ஃபில்டரும் வாங்கி வந்து வண்டிக்கு அடியில் படுத்தார். அங்கே கருப்பு பிளாஸ்டிக் மூடி ஒன்று தலைகீழாக இருந்தது. சுற்றிலும் சின்னச் சின்னத் தட்டையான முகங்கள். அவற்றில் இரண்டில் உளி பட்ட தழும்பு. அவருக்கு முன்னால் யாரோ இந்த மூடியோடு சண்டை போட்டிருக்கிறார்கள்.

டவுன் ஸ்பேர் கடையில் சொன்னதும் ஒரு கப் எடுத்துக் கொடுத்தார்கள். இரும்புக் கிண்ணம் போல மூடியைக் கவ்விக்கொள்ளும் சாமான் அது. பின்பக்கம் ராட்செட் மாட்டச் சதுர ஓட்டை இருக்கும். "ஜப்பான் வண்டின்னா இதுதானுங்க" என்று கடைக்காரர் சொன்னார். மாட்டிப் பார்த்தபோது உட்கார்ந்த மாதிரிதான் இருந்தது. அழுத்தம் கொடுத்ததும் 'நறுக்' என்று வழுக்கியது. ஒரு முனை மழுங்கிவிட்டது. அவர் அதோடு கையை எடுத்துவிட்டார்.

வியாழக்கிழமை காலையில் டிராக்டர் மெக்கானிக் வந்து பார்த்தார். "உளி வெச்சு நாலு தட்டு தட்டுனா வந்துரும்ணா, இதுக்குப் போய் யோசிக்கிறீங்களே" என்றார். டிராக்டரில் அவர் கை பட்டுச் சரியாகாத வேலை இல்லை. அதனால் மறுத்துப் பேசவும் சங்கடம். ஆனால் மூடி உடைந்தால் புது மூடி எங்கே கிடைக்கும், எத்தனை நாளாகும் என்று கேட்டதற்கு அவரிடமும் பதில் இல்லை. "இருக்கட்டும் தம்பி, நாளைக்கு வாடகை வண்டியிலே போய்க்கறோம்" என்று அனுப்பிவைத்தார். அந்த வாரம் மஞ்சள் களையெடுப்புக்கு வைத்திருந்த பணத்தில் ஒரு பகுதி வாடகைக்குப் போயிற்று. திண்ணையில் இருந்த அம்மா, "எனக்கோசரம் எதுக்குக் கண்ணு, நான் பஸ்லயே வந்துக்கறேன்" என்றார். அந்தப் பேச்சுக்கு யாரும் பதில் சொல்லவில்லை.

வழி காட்டியவர் பக்கத்து ஊர் லேத் பட்டறைக்காரர். போர் மோட்டாருக்கு புஷ் கடைந்து கடைந்து பழகிய மனுஷர். கப்பைக் கையில் வாங்கியதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "மூடிக்கு மொகம் எத்தனை? குறுக்களவு எவ்வளவு?" இரண்டுக்கும் பதில் தெரியாது. "தெரியாம வாங்குனா இப்படித்தான் தம்பி. செருப்புக்கூடக் கால அளந்துதானே வாங்கறோம்" என்று வெர்னியரை எடுத்துக்கொண்டு அவரே வண்டிக்கு வந்துவிட்டார்.

முதலில் மூடியைச் சுற்றி அப்பியிருந்த மண்ணையும் பிசுக்கையும் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் டீசல் தொட்டுத் துடைத்தார். ஒரு முகத்தில் சாக்பீஸால் கோடு போட்டு, அங்கிருந்து ஒவ்வொன்றாக எண்ணினார். பதினான்கு. பிறகு வெர்னியரின் இரண்டு தாடைகளையும் நேர் எதிரான இரண்டு முகங்களில் வைத்தார். முனைக்கு முனை வைத்தால் அளவு கூடுதலாகக் காட்டும் என்பதையும் சொன்னார். முள் 64 மில்லிமீட்டரை ஒட்டி நின்றது. கடையில் கொடுத்த கப்பின் ஓரத்தில் 65 என்று பொறித்திருந்தது. அதே கம்பெனியின் பெரிய என்ஜின்கள் சிலவற்றுக்கு அது பொருந்தும். இந்த வண்டிக்கு ஒரு மில்லிமீட்டர் அதிகம். கண்ணுக்குத் தெரியாத அந்த இடைவெளிதான் முனையை மழுக்கியிருக்கிறது.

அளப்பதில் கவனிக்க வேண்டியது இன்னொன்றும் உண்டு. முகங்களின் எண்ணிக்கை 14, 16 என்று இரட்டைப் படையாக இருந்தால்தான் ஒரு முகத்துக்கு நேர் எதிரே இன்னொரு முகம் வரும். 15 முகம் உள்ள மூடிகளும் இருக்கின்றன. அவற்றில் முகத்துக்கு எதிரே முனை வரும், அதனால் வெர்னியர் கணக்கு தப்பிவிடும். அப்படிப்பட்ட மூடிக்கு வண்டியின் மாடலையும் என்ஜினையும் சொல்லித்தான் கப் கேட்க வேண்டும். வேறு சில வண்டிகளில், மூடியின் தலையில் பெரிய நட்டு போல அறுகோணம் இருக்கும். அதற்கு இந்தக் கப்பே தேவையில்லை, சரியான அளவு சாக்கெட் போதும்.

வெள்ளிக்கிழமை அம்மாவை டயாலிசிஸ் படுக்கையில் விட்டுவிட்டு, கிடைத்த நான்கு மணி நேரத்தில் ஈரோட்டுக் கடைகளை ஏறி இறங்கினார். முதல் கடையில் 74, 76 அளவுகள்தான் இருந்தன. இரண்டாவது கடையில் மூன்று கால் ரெஞ்சைக் காட்டி, "எல்லா வண்டிக்கும் போகுமுங்க" என்றார்கள். தகர டப்பாவுக்கு அது நல்ல சாமான்தான். ஏற்கெனவே தழும்பு விழுந்த பிளாஸ்டிக் மூடியில் மூன்று இடத்தில் மட்டும் கடித்தால் என்ன ஆகும் என்று யோசித்து வேண்டாம் என்றுவிட்டார். மூன்றாவது கடையில் துண்டுச் சீட்டை நீட்டினார். அதில் '64 மி.மீ., 14 முகம்' என்று மட்டும் எழுதியிருந்தது. கடைக்காரர் வண்டிப் பெயரைக்கூடக் கேட்கவில்லை. உள்ளே போய் எடுத்து வந்துவிட்டார். விலை ஒரு ஆண் ஆளின் ஒரு நாள் கூலி அளவுதான். காலையில் வாடகை வண்டிக்குப் பேசிய தொகை அதைப்போல மூன்று மடங்கு.

மறுநாள் வேலை அமைதியாக முடிந்தது. என்ஜினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு நிறுத்தி, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறியதும், ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டு கொடுத்து நிறுத்திவிட்டு, அடியில் படுத்தார். பழைய ஆயிலை வடித்தார். மூடியின் நடுவில் இருந்த சின்ன அடைப்பானை 3/8 அங்குல ராட்செட்டின் சதுர முனையாலேயே கழற்றி, ஃபில்டர் பெட்டியோடு வந்த பிளாஸ்டிக் குழாயைச் செருகினார். கூட்டில் நின்ற ஆயிலும் வடிந்தது. பிறகு கப்பை மூடி மேல் வைத்து, முழுதாக உட்காரும்வரை உள்ளங்கையால் தட்டினார். படுத்தபடி வேலை செய்யும்போது இடம் வலம் குழம்பிவிடும். கழற்றுவதாக நினைத்து இறுக்கிவிடுகிறவர்கள் உண்டு. மூடியை முகத்துக்கு நேராகப் பார்த்து, கடிகார முள்ளுக்கு எதிர்ப்பக்கம் திருப்பினார். ஒரு இழுப்பில் விட்டுக்கொடுத்தது.

கசிவுக்கான காரணம் உள்ளே இருந்தது. மூடியைச் சுற்றிய ரப்பர் வளையம் காய்ந்து தட்டையாகி, எடுக்கும்போதே ஒடிந்தது. முன்பு ஃபில்டர் மாற்றியவர் வளையத்தை மாற்றாமல், கசியாமல் இருக்கட்டும் என்று மூடியை மட்டும் பலமாக இறுக்கியிருக்கிறார். இறுக்கத்தால் கசிவு நிற்பதில்லை, வளையத்தால்தான் நிற்கிறது. மூடிக்கு ஒன்று, அடைப்பானுக்கு ஒன்று என்று புதுப் பெட்டியிலேயே இரண்டு வளையங்களும் இருந்தன. புது ஆயிலைத் தடவி அவற்றை மாட்டினார்.

மூடியில் 25 நியூட்டன் மீட்டர் என்று அச்சடித்திருந்தது. கால் மீட்டர் நீளக் கைப்பிடியின் நுனியில் சுமார் 10 கிலோ இழுப்பு. டார்க் ரெஞ்ச் இல்லாத வீட்டில் இதைப் புரிந்துகொள்ள லேத் பட்டறைக்காரர் தராசுக் கொக்கியைக் கைப்பிடியில் மாட்டி இழுத்துக் காட்டினார். ஒரு கை இழுப்புக்கும் அதிகம் இல்லை. 4 லிட்டருக்குச் சற்று மேல் ஆயில் ஊற்றி, இரண்டு நிமிடம் ஓடவிட்டு, மூடியைச் சுற்றிக் காகிதத்தால் ஒற்றிப் பார்த்தார். காகிதம் காய்ந்தே இருந்தது. பழைய ஆயிலை வாய்க்காலில் ஊற்றாமல் கேனில் பிடித்து, பழைய ஆயில் எடுப்பவரிடம் சேர்த்தார். செவ்வாய்க்கிழமை அம்மா சொந்தக் காரிலேயே ஈரோடு போய் வந்தார்.

இப்போது அந்தக் கப், மோட்டார் அறையில் ஆணியில் தொங்குகிறது. மேலே பெயின்டால் '64–14' என்று எழுதியிருக்கிறது. கார் வைத்திருக்கும் அக்கம் பக்கத்தார் இரவல் கேட்டு வருவார்கள். அவர் சாமானை எடுப்பதற்கு முன்னால், "மொகம் எத்தனைங்க? அளவு என்னங்க?" என்று கேட்பார். தெரியாதவர்கள் கையில் சாக்பீஸ் துண்டைக் கொடுத்து அனுப்புவார். வழுக்கிய 65 கப்பையும் அவர் வீசவில்லை. அதுவும் பக்கத்து ஆணியில் இருக்கிறது. அதற்குப் பொருத்தமான வண்டி என்றைக்காவது வரும்.

ஃபில்டர் கழலவில்லை என்று கேள்வி எழுதும் வாசகர்கள் வண்டியின் மாடல், என்ஜின் அளவு, மூடியின் முக எண்ணிக்கை, எதிரெதிர் முகங்களுக்கு இடையிலான அளவு ஆகிய நான்கையும் சேர்த்து எழுதினால் பதில் சரியாக இருக்கும். அதுவரை உளி சுத்தியலைத் தொடாமல் இருப்பது நல்லது.