ரெட்வுட் காட்டு மிமிக்ரி மன்னன்!

வடக்கு கலிபோர்னியாவின் ரெட்வுட் காட்டுக்குப் போனால் முதலில் வலிப்பது கழுத்துதான். பின்னே, 300 அடியைத் தாண்டி நிற்கிற மரத்தை அண்ணாந்து பார்த்தா?

திடீர்னு மேலே செவ்வால் பருந்து அலறும். பயப்படாதீங்க. கிளையை நல்லா பாருங்க, கறுப்புத் தலை, நீல உடம்பு, கொண்டையோட ஒருத்தர் உட்கார்ந்திருக்கலாம். அவர்தான் ஸ்டெல்லர் ஜே. நம்ம காக்காவுக்குச் சொந்தக்காரர், மிமிக்ரியில் கில்லாடி!

1741-ல் பெரிங்கின் கப்பலில் அலாஸ்கா வந்த ஸ்டெல்லர் என்ற இயற்கை ஆய்வாளர், இந்தப் பறவையைப் பார்த்துத்தான், 'நாம வந்திருப்பது அமெரிக்கா'ன்னு முடிவு கட்டினார். இதோட உறவுக்காரப் பறவையின் படத்தை ஏற்கெனவே புத்தகத்தில் பார்த்திருந்தாராம்.

இதைக் கவனிக்க பெரிய கருவி எதுவும் வேண்டாம். கண்ணும் காதும் போதும். கொண்டை படிஞ்சிருந்தா ஐயா கூல். செங்குத்தா நின்னா சண்டைக்கு ரெடி! 'ஷாக் ஷாக்'னு கரகரப்பா கத்தினா, ஏதோ ஆபத்துன்னு ஊரைக் கூட்டுறார். கடகடன்னு கிலுகிலுப்பை மாதிரி சத்தம் வந்தா, அது பெரும்பாலும் அம்மணி.

நீங்க சிப்ஸ் பாக்கெட்டைப் பிரிச்சா, பக்கத்திலேயே வந்து குதிப்பார். காக்காவுக்குச் சோறு வெச்சுப் பழகின நம்ம கை சும்மா இருக்குமா? இங்கேதான் வில்லங்கம்!

இதே காட்டில் மார்பிள்டு மர்லெட்னு ஒரு கடல் பறவை முட்டையிடுது. மீன் பிடிப்பது கடலில், குடித்தனம் முதிர்ந்த மரத்தின் பாசி படிந்த கிளையில். இந்தக் கூட்டை கலிபோர்னியாவில் ஒரு மரமேறி கண்ணில் பட்டுக் கண்டுபிடிச்சதே 1974-ல்தான். ஒரு தடவைக்கு ஒரே ஒரு முட்டை. 1992-ல் அமெரிக்க அரசின் ஆபத்துப் பட்டியலிலும் ஏறிடுச்சு.

நாம சிந்துற தீனியால கேம்ப் பக்கம் ஜே கூட்டம் பெருகுது. கூட்டம் பெருகினா அந்த ஒத்தை முட்டையும் காலி. ஆய்வாளர்கள், வாந்தி வரவைக்கிற மருந்தைச் செலுத்தின போலி முட்டைகளை வெச்சு ஜேக்களுக்குப் பாடம் எடுத்துப் பார்த்தாங்க. நமக்கான பாடம் அதைவிட ஈஸி. ஒரு பருக்கைகூட சிந்தக் கூடாது. அங்கே போனா தள்ளி நின்னு கேளுங்க, ரசிங்க. சிப்ஸ் மட்டும் பைக்குள்ளேயே இருக்கட்டும்!