இணைய வயலில் தனியொருவர் உழவு

நுழையும்முன்

ஓலையில் வாழ்ந்த தமிழ் தாளுக்கு வந்தது. தாளில் வாழ்ந்த தமிழ் இன்று மின்திரைக்கு வந்துள்ளது. ஓலையிலிருந்து தாளுக்கு மாறிய காலத்தில், படியெடுக்க ஆளின்றிக் கிடந்த சுவடிகள் பல அழிந்துபோயின. இணையத்திற்கு மாறும் காலத்திலும் அத்தகைய இழப்பு நேரக்கூடும். அதைத் தடுக்க முன்வந்தோருள் பலர் தம் ஓய்வுநேரத்தை உழைப்பாக்கிய தனிமனிதர்கள் என்பதை இப்பாடம் உணர்த்துகிறது.

பள்ளத்தாக்கில் ஓர் இணைய இதழ்

மேற்கே மேற்குத்தொடர்ச்சி மலை; கிழக்கே வருசநாட்டு மலையும் மேகமலையும். இவற்றுக்கு இடையே முல்லைப்பெரியாற்று நீரால் செழிப்பது கம்பம் பள்ளத்தாக்கு. மேற்குநோக்கிப் பாய்ந்த ஆற்றைத் தடுத்து, மலையைக் குடைந்து, நீரைக் கிழக்கே திருப்பிய அணை 1895இல் பயன்பாட்டிற்கு வந்தது. நெல்லும் வாழையும் தென்னையும் இங்கு விளைகின்றன. கம்பத்தின் பன்னீர்த் திராட்சை 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. மலைமீது விளையும் ஏலக்காய் போடிநாயக்கனூரில் மின்னணு ஏலத்தில் விலைபோகிறது.

உழவும் வணிகமும் மிகுந்த இத்தேனி மாவட்டத்திலிருந்து 2006ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஓர் இணைய இதழ் வெளிவரத் தொடங்கியது. அதன் பெயர் முத்துக்கமலம். அதன் ஆசிரியர் தேனி மு. சுப்பிரமணி. மாதம் இருமுறை புதுப்பிக்கப்படும் இவ்விதழில் கதை, கவிதை, கட்டுரை, சமையற்குறிப்பு எனப் பலவும் இடம்பெறுகின்றன. தமிழ் விக்கிப்பீடியாவின் பங்களிப்பாளராகவும் விளங்கிய அவர், அக்கலைக்களஞ்சியத்தின் வரலாற்றையும் அதில் எழுதும் முறையையும் விளக்கித் 'தமிழ் விக்கிப்பீடியா' என்னும் நூலை 2010இல் வெளியிட்டார்.

அச்சிதழ் ஒன்றை நடத்தத் தாள் வேண்டும், அச்சகம் வேண்டும், அஞ்சலில் அனுப்பப் பொருள் வேண்டும். இணைய இதழுக்கு வேண்டுவன ஒரு தளப்பெயர், வாடகைக்குப் பெறும் வழங்கியில் சிறிது இடம், இவற்றைவிட மேலாக நாள்தோறும் உழைக்கும் மனம். தேனியில் பதிவேறும் ஒரு கவிதையை அடுத்த நொடியில் மலேசியாவிலும் கனடாவிலும் இருப்போர் படிக்கலாம். தலைநகரில் இருந்தால்தான் இதழ் நடத்தலாம் என்ற நிலை இவ்வாறு மாறியது.

இசைவு கேட்க வேண்டாத வெளி

இவ்வாய்ப்பைத் தந்த உலகளாவிய வலையும் ஒருவருடைய சிந்தனையில் தோன்றியதே. சுவிட்சர்லாந்தின் ஜெனீவா நகருக்கு அருகிலுள்ள செர்ன் ஆய்வு மையத்தில் பணியாற்றிய டிம் பெர்னர்ஸ் லீ, 1989இல் ஒரு திட்ட வரைவை எழுதினார். அங்குப் பணியாற்றிய அறிஞர்கள் சில ஆண்டுகளில் விடைபெற்றுச் செல்வர். அவர்களோடு அவர்கள் சேர்த்த தகவல்களும் மறைந்துவிடும். அவ்விழப்பைத் தடுக்க, ஆவணங்களை ஒன்றோடொன்று இணைக்கும் முறையை அவர் முன்வைத்தார். 1993 ஏப்ரல் 30 அன்று அத்தொழில்நுட்பத்தை எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் எனச் செர்ன் அறிவித்தது. எனவே, ஓர் இணையத்தளம் தொடங்க எவரிடமும் இசைவு கேட்க வேண்டியதில்லை என்னும் நிலை உருவாயிற்று.

ஜெனீவா ஏரியின் மற்றொரு கரை நகரம் லோசான். அங்கு வேதியியல் ஆய்வாளராகப் பணிபுரிந்த கு. கல்யாணசுந்தரம், 1998ஆம் ஆண்டு பொங்கல் நாளில் மதுரைத் திட்டத்தைத் தொடங்கினார். பல நாடுகளில் வாழ்ந்த தன்னார்வலர்கள் தமிழ் இலக்கியங்களைத் தட்டச்சுசெய்து, பிழைதிருத்தி, கட்டணமின்றி இணையத்தில் வழங்கினர். சங்க இலக்கியத்தைப் படிக்க நூலகம் செல்ல இயலாதவர்க்கும் அந்நூல்கள் திரையில் கிடைத்தன.

எழுத்தும் எண்ணும்

கணினி எழுத்துகளை அறியாது, எண்களையே அறியும். எனவே, ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண்ணைக் குறித்தல் வேண்டும். இதுவே குறியாக்கம். தொடக்கக் காலத்தில் ஒவ்வொரு நாளிதழும் ஒவ்வொரு மென்பொருளும் தத்தமக்கென ஒரு குறியாக்கத்தை வைத்திருந்தன. ஒரு தளத்தைப் படிக்க அதற்குரிய எழுத்துருவைப் பதிவிறக்க வேண்டியிருந்தது. இல்லையெனில் தமிழுக்கு மாறாகப் பொருளற்ற குறிகளே திரையில் தோன்றின.

இத்தடையை நீக்கப் பலர் உழைத்தனர். மலேசியாவைச் சேர்ந்த முத்து நெடுமாறன் 1985இல் முரசு என்னும் தமிழ் மென்பொருளை உருவாக்கினார். சிங்கப்பூர் எழுத்தாளர் நா. கோவிந்தசாமி 1995இல் தமிழை இணையத்தில் ஏற்றிய முன்னோடி ஆனார். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடைபெற்ற தமிழிணையம் 99 மாநாடு, பொதுவான விசைப்பலகைக்கு வழிவகுத்தது. தன்னார்வலர்கள் உருவாக்கி இலவசமாக வழங்கிய தமிழ்த் தட்டச்சு மென்பொருளின் பெயர் இ-கலப்பை. உழவர்க்குக் கலப்பை எவ்வாறோ எழுதுவோர்க்கு அம்மென்பொருள் அவ்வாறு எனக் கருதிச் சூட்டிய பெயராகவே அது தோன்றுகிறது.

உலக மொழிகளின் எழுத்துகளுக்குத் தனித்தனி எண்களைத் தரும் ஒருங்குறி பரவிய பிறகு குழப்பம் பெரிதும் நீங்கியது. ஆயினும், பழைய குறியாக்கங்களில் எழுதப்பட்ட பக்கங்கள் தாமாக மாறிவிடவில்லை. ஒருவர் முன்வந்து மாற்றியவை இன்றும் படிக்கப்படுகின்றன. மாற்றுவாரற்றவை இருந்தும் இல்லாதவை ஆயின.

தெரிந்து தெளிவோம்

ஒருங்குறியின் முதன்மைத் தமிழ்த் தொகுதியில் 128 இடங்கள் உள்ளன. 'அ' என்னும் எழுத்தின் எண் 2949; 'க' என்னும் எழுத்தின் எண் 2965. 'கி' என்பதற்குத் தனியெண் இல்லை. 'க'வுக்குரிய 2965, இகரக் குறிக்குரிய 3007 ஆகிய இரண்டும் அடுத்தடுத்து அமையும்போது கணினி 'கி' எனக் காட்டுகிறது.

மறையும் பக்கங்கள்

அச்சிட்ட நூலின் ஒருபடி அழிந்தாலும் மறுபடி எங்கேனும் இருக்கக்கூடும். இணையப்பக்கமோ ஒரு வழங்கியை நம்பி வாழ்வது. தளப்பெயரை ஆண்டுதோறும் புதுப்பிக்க மறந்தால், நடத்துபவர் நோயுற்றால், இடம் தந்த நிறுவனம் மூடப்பட்டால், பல்லாண்டு உழைப்பு ஒரே நாளில் மறைந்துவிடும். உலகெங்கும் பலர் தம் தனித்தளங்களை இலவசமாக அமைத்துக்கொள்ள இடம் தந்த ஜியோசிட்டீஸ், 2009 அக்டோபரில் மூடப்பட்டது. ஆர்வலர்கள் விரைந்து படியெடுத்த பக்கங்கள் எஞ்சின, ஏனையவை மறைந்தன.

ஓரிடத்தில் மட்டும் சேர்த்துவைப்பதன் துயரத்தைத் தமிழர் நன்கு அறிவர். 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டபோது, மீண்டும் பெற இயலாத சுவடிகளும் நூல்களும் சாம்பலாயின. ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மின்வடிவில் காக்கும் நூலகம் திட்டத்தைத் தன்னார்வலர்கள் 2005இல் தொடங்கினர். ஆவணம் ஒன்றைப் பல இடங்களில் வைத்தலே அதற்குச் சிறந்த காவல்.

கூட்டுழைப்பு மற்றொரு காவல். தமிழ் விக்கிப்பீடியா 2003இல் தொடங்கியபோது, யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த இ. மயூரநாதன் தொடக்கக் கட்டுரைகள் பலவற்றை எழுதி அதற்கு அடித்தளமிட்டார். பின்னர்ப் பலர் இணைந்தனர். 2017இல் கட்டுரைகளின் எண்ணிக்கை ஓர் இலட்சத்தைக் கடந்தது. தனிமனிதர் ஒருவர் தொடங்கியது பலருடைய பொறுப்பாக மாறும்போது, தொடங்கியவர் ஓய்ந்தாலும் பணி ஓய்வதில்லை.

புதிய நுட்பமும் ஊர்ச்சொல்லும்

இன்று பேச்சை எழுத்தாக்கும் செயலிகளும், படத்திலுள்ள எழுத்தைப் படித்தறியும் மென்பொருள்களும், மொழிபெயர்க்கும் பொறிகளும், கேட்ட வினாவுக்கு விடையெழுதும் செயற்கை நுண்ணறிவும் வந்துள்ளன. இவை மொழியை இலக்கண நூலிலிருந்து மட்டும் கற்பதில்லை. மக்கள் சேர்த்த பெருந்திரளான உரைகள், ஒலிப்பதிவுகள், படங்கள் ஆகியவற்றிலிருந்தே கற்கின்றன. எவ்வகையிலும் பதிவாகாததை அவை அறிவதற்கு வழியில்லை.

கம்பத்துத் திராட்சை உழவர் பந்தலில் கொடியைக் கவாத்து செய்யும் பருவத்தை அறிவார். இலையின் நிறம் கண்டு நோயை அறிவார். வடமாவட்டத்தார் ஏரி என்பதைத் தேனி மக்கள் கண்மாய் என்பர். மடை, மதகு முதலிய சொற்களின் வேறுபாடு நீர்பாய்ச்சுவோர்க்கு நன்கு தெரியும். இவ்வறிவில் எத்துணைப் பங்கு எழுத்தாகியுள்ளது? எழுதப்படாத பகுதி அம்முதியவர்களோடு மறைந்துவிடும். செர்ன் மையத்தில் பெர்னர்ஸ் லீ கண்ட இழப்பும் இதுவே.

அதை எழுதுவதற்கு ஒரு நிறுவனம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு கைப்பேசியும் ஒருங்குறியில் தட்டச்சுசெய்யும் பழக்கமும் பிறர் கூறுவதைப் பொறுமையுடன் கேட்கும் செவியும் போதுமானவை. கேட்டதைச் சொன்னவரிடமே படித்துக்காட்டித் திருத்துதல் நேர்மை. அவர் இசைவின்றி அவர் பெயரை வெளியிடாமை பண்பு. எழுதியதை ஈரிடங்களில் சேமித்தல் அறிவுடைமை. கலப்பை கையில் இருக்கிறது. உழவேண்டிய நிலமோ ஒவ்வோர் ஊரிலும் காத்திருக்கிறது.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் ஊரில் நீர்நிலை, பயிர், தொழில் ஆகியவற்றைக் குறிக்க வழங்கும் சொற்களில் இருபதைத் தொகுத்து, பொருளுடன் ஒருங்குறியில் தட்டச்சு செய்க.

2. உங்கள் ஊரைப் பற்றித் தமிழ் விக்கிப்பீடியாவில் உள்ள கட்டுரையைப் படித்து, விடுபட்ட செய்திகளைப் பட்டியலிட்டு வகுப்பறையில் கலந்துரையாடுக.

3. 'தாளில் உள்ளது நிலைக்குமா? திரையில் உள்ளது நிலைக்குமா?' என்னும் தலைப்பில் சொற்போர் நிகழ்த்துக.